கத்தாரில் நின்ற மகன்

அம்மா, சந்தி மதிலில் ஒட்டிய உங்கள் மரண அறிவித்தலை மழை இன்னும் முழுதாகக் கரைக்கவில்லை. நேற்றும் பார்த்தேன். பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடுகள். அண்ணைக்குக் கனடா. அக்காவுக்குச் சுவிஸ். எனக்குக் கத்தார். கடைசி மகன் என்று உங்களுக்குக் கொள்ளி வைத்தவன் நான். ஊர் முழுவதும் பார்க்கத்தான் வைத்தேன். அந்த நோட்டீசில் மட்டும் நான் இன்னும் கத்தாரில் நிற்கிறேன். மாமாவிடம் கேட்டேன். "கொம்மாதான் எப்பவோ எழுதித் தந்தவ. போன மனிசியின்ரை சொல்லை மாத்தலாமே?" என்றார்.

நான் கத்தாரைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. வேலைக்கென்று போய், வவுனியாவுக்கு அப்பால் ஹெரோயின் தூளோடு பொலிஸில் பிடிபட்டு, அங்கேயே இரண்டு வருடம் மறியலில், சிறைக் கம்பிகளுக்குள் இருந்தேன். அந்த இரண்டு வருடத்தில் நீங்கள் எனக்கு ஒரு வேலை, ஒரு முதலாளி, ஒரு குளிரூட்டிய அறை எல்லாம் உண்டாக்கி வைத்திருந்தீர்கள். சந்தையில் கேட்டவர்களிடம், "அவனுக்கு அங்கத்தை வெக்கைதான் ஒத்துவரேல்லையாம்" என்று கவலையும் பட்டீர்களாம். கெட்டிக்காரிதான் நீங்கள்.

விடுதலையான செவ்வாய்க்கிழமை வாசலில் உங்களைத் தேடினேன். நீங்கள் வரவில்லை. இரண்டு சந்தி தள்ளி மாமா ஒரு வாடகை வானோடு நின்றார். வானுக்குள் ஒரு சூட்கேஸ். அதன் பிடியில் யாரோ பயணம் வந்தவரின் விமானத் துண்டு. உள்ளே புதுச் சேட்டு, சொக்லேட், வாசனைச் சவர்க்காரம். எல்லாம் கொழும்பில் வாங்கியவை. பரந்தன் தாண்டியதும் வானுக்குள்ளேயே உடுப்பு மாற்றினேன். வீட்டு வாசலில் அயலட்டை எல்லாம் நின்றது. நீங்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதீர்கள். அந்த அழுகை உண்மை. அதனால்தான் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு சொக்லேட் கொடுத்தேன். அதற்காக என்மேலும் எனக்குக் கோபம்தான்.

மறியலில் என்னோடு கதைத்த உளவளத்துணையாளர் போதையை விடுகிறவர்களுக்கான கிளினிக்கின் கொப்பி ஒன்று தந்திருந்தார். புதன்தோறும் சாவகச்சேரி ஆசுப்பத்திரி. "வெளியிலை போய் முதல் கிழமையளிலைதான் ஆக்கள் சாகிறது. உடம்பு பழைய அளவைத் தாங்காது. புதன்கிழமையை மட்டும் விடாதையும்" என்று சொல்லியிருந்தார். வீடு வந்த மறுநாள் காலை கொப்பியைக் காணவில்லை.

"அம்மா, என்ரை கொப்பி எங்கை?"

"அடுப்புக்கை வைச்சிட்டன். புதன்கிழமை பிறசர் கிளினிக்கும் அங்கைதான். நானே அதுக்குப் போறனான். பாதி ஊர் அந்த வாங்கிலை குந்தியிருக்கும். கத்தாரிலை இருந்து வந்தவன் உந்த வரிசையிலை ஏன் நிக்கிறானெண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

"நான் செத்தா என்ன சொல்லுவியள்?"

"விசர்க் கதை கதையாதை. கோயிலிலை கற்பூரத்திலை அடிச்சுச் சத்தியம் பண்ணு. அது காணும்."

கற்பூரத்தில் அடித்தேன். பன்னிரண்டு நாள் தாங்கியது. வெளிநாட்டுக்காரன் வந்து நிற்கிறான் என்ற கதை பழைய கூட்டாளிகளின் காதுக்கும் போயிருந்தது. மறியலால் வந்தவன் என்று தெரிந்திருந்தால், பொலிஸ் கண் வைத்திருக்கும் என்று ஒதுங்கியிருப்பார்கள். கத்தார்க்காரனைத் தேடி மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்தார்கள். நீங்கள் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தீர்கள். அன்று பின்னேரம் அவர்கள் தந்த தூளால் கிணற்றடியில் நீலம் பாரித்துக் கிடந்த என்னை அம்புலன்சில் ஏற்றும்போதும், பக்கத்து வீட்டாருக்கு "வெக்கை மாறினது ஒத்துக்கொள்ளேல்லை" என்றீர்களாம். மாமா பிறகு இதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிழைத்து வந்து புதுக் கொப்பி எடுத்தேன். எல்லோரும் பார்க்கப் பஸ்ஸில் போனேன். நீங்கள் என்னோடு கதைப்பதை நிறுத்தினீர்கள். சோறு மட்டும் மூடி வைத்திருப்பீர்கள். எட்டு மாதம் அப்படி. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். புதன்கிழமைகளில் நீங்கள் வீட்டிலேயே இருந்தது என் கண்ணில் படவேயில்லை. மகனோடு ஒரே வாங்கில் இருக்க நேரும் என்று உங்கள் பிறசர் கிளினிக்கையே விட்டுவிட்டீர்கள். நீங்கள் குசினியில் விழுந்த பிறகுதான் உங்கள் பிறசர்க் குளிசைப் பெட்டியைத் திறந்தேன். வெறும் மட்டைகள். உங்கள் கொப்பியில் கடைசித் திகதி, நான் போகத் தொடங்கியதற்கு முந்திய புதன்.

டொக்டர் பிறசர் என்று எழுதினார். நீங்கள் செத்தது வெட்கத்தால். சனம் என்ன சொல்லும் என்று பயந்து செத்தீர்கள். அந்தச் சனம் செத்தவீட்டுக்கு வந்தது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வந்து சாப்பிட்டது, கத்தாரில் இப்போது வேலை எப்படி என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனது. மன்னித்தால் மனம் ஆறும் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். நான் உங்களை மன்னிக்கவில்லை.

இப்போது மறியலால் வருகிறவர்களின் வீடுகளுக்குக் கிளினிக்கிலிருந்து என்னை அனுப்புகிறார்கள். முதல் புதனுக்கு வராதவர்களைக் கூட்டிவருவது என் வேலை. போன கிழமை கொடிகாமத்தில் ஒரு வீடு. ஒரு தாய் கேற்றைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவன் இஞ்சை இல்லைத் தம்பி. ஓமானிலை நிக்கிறான்."

உள்ளே யாரோ இருமுவது கேட்டது. அவர் என் தோளுக்கு மேலால் தெருவைப் பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று. நீங்களும் அப்படித்தான் பார்ப்பீர்கள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை.

"அம்மா, நான் ரெண்டு வருசம் மறியலிலை இருந்தனான். என்ரை அம்மா ஊருக்குக் கத்தாரெண்டு சொன்னவ. அதாலை நான் சாகப் பாத்தன். அவ செத்தே போனா. உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?"

அவர் திரும்பி, இருமல் வந்த பக்கம் பார்த்தார். பிறகு, "இவன் ஒருத்தன்தான்" என்று சொல்லிக் கேற்றை விட்டு விலகினார்.

உங்கள்மேல் உள்ள கோபத்தைத்தான், அம்மா, வீடு வீடாகக் காவிக்கொண்டு போகிறேன். அது தீர்ந்துபோனால் அந்தக் கேற்றுகளில் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியாது.