துடைப்பத்தால் கரடியை விரட்டிய சித்தி

மகளே,

நீயும் குழந்தையும் அசந்து தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. சாப்பாட்டை மேசையில் மூடி வைத்திருக்கிறேன். மருந்துக்கடை வரை போய் வருகிறேன்.

உன் அத்தை வருவாள். "குழந்தைக்குத் தூறலா? இதெல்லாம் ஒரு பேரா?" என்று நேற்று அவள் உன்னை அழவைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் காலையில் போனில் அவளிடம், 'தூறல் என்று நமக்கொரு சித்தி இருந்தாள், துடைப்பத்தாலேயே கரடியை விரட்டியவள்' என்று சொல்லியிருக்கிறேன். எல்லாம் என் கற்பனைதான்; அத்தை பிறக்கும் முன்பே அவளைச் சாகடித்தும் விட்டேன். கேட்டால் தலையாட்டு. பெயரை மட்டும் மாற்றிவிடாதே.

அப்பா

பி.கு.: செருப்பு மாட்டும்போது அத்தை கூப்பிட்டாள். "என்னை இடுப்புல வச்சு சோறூட்டினவ அவ, அண்ணா. அவ பேரையா வேண்டாம்னேன்?" என்று ஒரே அழுகை. வந்ததும் குழந்தையை அவள் மடியில் கொடு.