சமாதானத்துக்காகக் கொடுத்த முடி

2.2.1999, செவ்வாய்

துறைமுகக் கந்தோரில் முப்பத்தாறு வருடம் கடிதம் எழுதிய பழக்கம். வரிசைப்படுத்தாமல் எனக்கு எழுத வராது. இந்தக் கொப்பியில் வரப்போவது:

1. மகள் செலீனின் முடி வட்டம் வட்டமாக உதிர்வது.
2. அதை வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வது.
3. தெரிந்துவிட்டால் சொல்லவேண்டிய காரணம்.
4. இவ்வளவும் அவளுடைய நன்மைக்காகவே என்பது.

தோல் கிளினிக் டொக்டர் விளக்கினார். புழுவெட்டு என்று பெயர், புழு கிடையாது. தொற்றாது. உடம்பின் காவற்படையே மயிர்வேரை எதிரி என்று எண்ணித் தாக்குகிறதாம். திரும்ப முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம். காவற்படை ஆள் மாறிப் பிடிப்பதைக் கொழும்புத் தமிழனுக்கு விளக்கப் படம் தேவையில்லை. அவர் படமும் கீறினார்.

6.2.1999, சனி

முடி கொஞ்சம் கொட்டுகிறது என்று மட்டும் வெளியே சொன்னேன். எதிர்வீட்டுப் புளோறன்ஸ் வெங்காயச் சாறு பூசச் சொன்னாள். வெள்ளவத்தையிலிருந்து மைத்துனர் ஹெக்டர் போன் எடுத்து, கலியாணம் கட்டிவைத்தால் வளரும் என்றார். எந்த வைத்தியப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். "ஓம்" என்றேன்.

11.2.1999, வியாழன்

மருதானையில் நாடகச் சாமான் கடையில் விக் வாங்கினோம். பொருந்தியது ஒன்றுதான், யாரோ அரசிக்குச் செய்தது. மிச்ச முடியைச் செலீன் தானே மழித்தாள். கண்ணாடியைத் துணியால் மூடி வைத்திருந்தேன். துணியை எடுத்து என் கையில் தந்தாள்.

18.2.1999, வியாழன்

செலீன் கந்தோர் விட்டு வரும்போது கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்திருக்கிறார்கள். அடையாள அட்டைப் படத்தில் ஒற்றைப் பின்னல். தலையில் அரசியின் சுருள். சோதித்த பெண் பொலிஸ் விக்கைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

செலீன் அழவில்லை. "அந்தப் பிள்ளை பயந்துபோய் மன்னிப்புக் கேட்டது பப்பா. பஸ்ஸில இருந்த எங்கட ஆக்கள்தான் சிரிச்சவை."

பஸ்ஸில் புளோறன்ஸும் இருந்தாளாம்.

19.2.1999, வெள்ளி

செலீன் வேலைக்குப் போனபின் புளோறன்ஸ் வந்தாள். கையில் வெங்காயம்.

"என்ன அங்கிள் இது, பிள்ளை மொட்டையா?"

முதற்பக்கத்து மூன்றாம் இலக்கத்துக்கு நான் இன்னும் ஒன்றும் தயாரித்திருக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது: அந்தோனியாருக்கு முடி கொடுத்த நேர்த்தி.

"எதுக்கு வச்ச நேர்த்தி?"

"நாட்டின்ட சமாதானத்துக்கு."

அவள் சிலுவை அடையாளம் இட்டாள். வெங்காயத்தைத் திரும்பக் கொண்டுபோனாள்.

நல்ல காரணம்தான். சமாதானம் வரும்வரை முடி வளராவிட்டால் யாரும் கேட்கமுடியாது. நிலவரத்தைப் பார்த்தால் இது என் காலத்துக்கும் தாங்கும். செலீனிடம் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும். நாளை?

2.3.1999, செவ்வாய்

நேர்த்திக் கதை எங்கள் கொட்டாஞ்சேனை முழுவதும் பரவிவிட்டது. பஸ்ஸில் சிரித்தவர்கள் எழும்பி அவளுக்கு இடம் கொடுக்கிறார்களாம். ஞாயிறு சமாதானப் பூசையில் முதல் மெழுகுதிரியை அவள்தான் பிடிக்கவேண்டும் என்று பாதர் ஆள் அனுப்பியிருக்கிறார். "ஏன் பப்பா நான்?" என்று கேட்டாள். பாதரிடம் கேள் என்றேன். கோழை.

5.3.1999, வெள்ளி

இன்று மேபல் வந்தாள். பின் ஒழுங்கையில் தையல் தைப்பவள். ஒரு வருடமாகப் பூசைக்கே வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு முக்காட்டை எடுத்தாள். எட்டு வட்டம். புருவமும் இல்லை.

"உனக்கு இது நேர்த்தி, செலீன். ஆக்கள் கையெடுத்துக் கும்பிடுகினம். எனக்கு இது டொக்டரிட்டக் காட்டுற வருத்தமா, சாபமா தெரியேல்ல. மாமி என்னைச் சமைக்கக் குசினிக்குள்ள விடுறேல்ல. எனக்காகவும் ஒருக்கா மன்றாடு."

"என்ன நேர்த்தி?" என்றாள் செலீன்.

நான் பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தேன். தலைகீழாக இருந்தது.

மேபல் போனபின் செலீன் சத்தம் போடவில்லை. "எனக்கு வெக்கமா இருக்கெண்டு நான் எப்பவாவது சொன்னனானா பப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

இல்லை. ஒருநாளும் சொல்லவில்லை.

7.3.1999, ஞாயிறு

விக் இல்லாமல் போனாள். மெழுகுதிரியை வைத்துவிட்டு, அறிவித்தல் நேரத்தில் மைக்குக்குப் போனாள். நேர்த்தி இல்லை, வருத்தம் என்றாள். தொற்றாது, குசினிக்குள் விடலாம் என்றாள். இந்த வருத்தமுள்ள பெண்கள் சனிக்கிழமை நாலு மணிக்குப் பங்கு மண்டபத்துக்கு வரலாம் என்றாள். நேர்த்தி என்று கதை கட்டியது யார் என்று சொல்லவில்லை. புளோறன்ஸ் திரும்பி என்னைப் பார்த்தாள். பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினேன்.

8.3.1999, திங்கள்

பஸ்ஸில் இன்று யாரும் எழும்பவில்லையாம்.

13.3.1999, சனி

பன்னிரண்டு கதிரை போட்டேன். வந்தது மூன்று பேர்: மேபல், அவளுடைய மாமி (காவலுக்கு), வெள்ளவத்தையிலிருந்து தொப்பி போட்ட ஒரு பெண். டொக்டர் கீறிக் காட்டிய படத்தைச் செலீன் கரும்பலகையில் கீறினாள். என்னை வாசலில் நிற்கச் சொன்னாள். ஆம்பிளைகள் உள்ளே வேண்டாமாம்.

தெருவால் போன றேமண்ட், துறைமுகத்தில் எனக்குக் கீழே வேலை செய்தவன், சைக்கிளை நிறுத்தினான்.

"என்ன சேர், உள்ளுக்கு என்ன கூட்டம்?"

ஜெபக் கூட்டம் என்று சொல்லலாம். வாய்க்குள் வந்தும் விட்டது.

"முடி கொட்டுற வருத்தமுள்ள பொம்பிளையளின்ட கூட்டம். நடத்துறது என்ர மகள். அவவுக்கும் அதுதான்."

"அப்படியா சேர்," என்றான். சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். அவ்வளவுதான். ஆறு வாரம் நான் பயந்தது இந்த இரண்டு சொல்லுக்கு.

வீட்டுக்கு வந்து முதற்பக்கத்தைப் புரட்டினேன். மூன்றாம் இலக்கம் பொய். அது எழுதும்போதே தெரியும். பிழை நாலாவது. அவளுடைய நன்மைக்காக அல்ல. கூச்சம் என்னுடையது, அதை அவள் தலையில் மாட்டி வெளியே அனுப்பினேன்.