துரை ரேடியோவில் நாதஸ்வரம்

ஹட்டன்,
வைகாசி 1956

அன்புள்ள செண்பகம்,

நான் சுகம். பிள்ளைக்கு இருமல் நின்றதா?

டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்தில் மாயாண்டி அண்ணன் மகளுக்குப் போன வாரம் கல்யாணம். ஒலிபெருக்கி வைக்கத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அனுமதிக்கவில்லை. ஆகவே பழைய ரேடியோ வால்வுகளை வைத்து நானே பெட்டி போல ஒரு கருவி செய்தேன். கிராமபோன் இசையை அதில் கொடுத்தால், கம்பியில்லாமலே பக்கத்து ரேடியோக்களில் கேட்கும். எங்கள் ரேடியோக் கடையின் பேட்டரி ரேடியோக்களை, தொழிலாளர் வரிசை வீடுகளில் லயத்துக்கு ஒன்றாக வைத்தேன். வாசலுக்கு வாசல் நாதஸ்வரம்!

அது துரையின் பங்களா ரேடியோவிலும் புகுந்துவிட்டது. இங்கிலீஷ் செய்தி கெட்டுப்போன ஆத்திரத்தில் துரை வந்து, கருவியைப் பூட்ஸ் காலால் மிதித்து நொறுக்கினான். தடுக்கப்போன எனக்குக் கையில் சின்னக் கீறல்தான், பயப்படாதே.

“மன்னிப்புக் கேளு!” என்று கத்தினான். நான் கேட்காமல், நொறுங்கிய துண்டுகளைப் பொறுக்கினேன். மாயாண்டி அண்ணன்தான், “தொரைகளே, தெரியாம செஞ்சிட்டாருங்க, எங்கள வெரட்டிறாதீங்க” என்று, மணக்கோலத்தில் மகள் பார்த்திருக்க, அவன் காலில் விழுந்தார். துரைமேல் மட்டுமல்ல, விழுந்தவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

நேற்று அவர் கடைக்கு வந்தார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஆவணியில சின்னவளுக்குக் கல்யாணம் தம்பி. அந்தப் பெட்டிய மறுபடி செஞ்சு குடுங்க.”

“துரை வந்தா?”

“வரட்டும். இந்தவாட்டி நான் விழ மாட்டேன்.”

சுண்டைவற்றல் அனுப்பு. பிள்ளைக்குச் சட்டை எடுக்க வேண்டும், எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று தெரியவில்லை. நூலால் அளந்து, அந்த நூலை உறையில் வை.

தபால் எடுக்கும் நேரம். வால்வு தேட வேறு போகவேண்டும்.

உன்,
நல்லமுத்து