துப்பிய கவளம்

என் வீட்டுக்காரிக்கு,

நீயும் சின்னவளும் சுகந்தானே? உன் இடுப்புவலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை.

இந்த ஓட்டலில் சமைக்கிற நாங்கள் ருசி பார்க்கலாம், விழுங்கக் கூடாது. "விழுங்குனா அது திருட்டு. துப்பு!" என்பார் தலைமைச் சமையல்காரர். நாள் முழுக்க வாயில் வைப்பதும் தொட்டியில் துப்புவதுமாகத்தான் பிழைப்பு ஓடுகிறது. எங்கள் தட்டில் ஆறிப்போன சோறு.

நேற்று லீவு. நீ அனுப்பிய பொடியைப் போட்டு அறையிலேயே குழம்பு வைத்தேன். வாசத்துக்கே வயிறு கூப்பிட்டது. ஆசையாகப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். அடுத்த நொடி எழுந்துபோய்த் தொட்டியில் துப்பிவிட்டு நிற்கிறேன்! பக்கத்துக் கட்டில் டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னண்ணே, அண்ணி பொடி அவ்ளோ மோசமா?"

நானும் சிரித்துவைத்தேன். அடுத்த வாயும் தொட்டிக்கே போனது. மிச்சத்தை அவன்தான் வழித்துத் தின்றான். பாவி, ஏப்பம் வேறு.

பொடி தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்பு. வந்ததும் சொல்கிறேன், ஒரு லீவு நாளில் மத்தியானம் போன் போடு. 'சாப்பிட்டீங்களா' என்று மட்டும் கேட்காதே. சின்னவள் சோற்றை வாயிலேயே அடக்கிக்கொண்டிருந்தால் அதட்டுவாயே, அதேபோல் என்னையும் ஒருதடவை 'விழுங்கு' என்று அதட்டு.

அடுப்படியில் கூப்பிடுகிறார்கள்.

சின்னவளின் அப்பா