மட்கார்டில் இரண்டு அடையாளம்

மார்ச் 3

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகும் இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிட? போனில் என்றால் இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் கடிதம்.

இன்றுதான் கடைசி அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். துணிகளுக்கு நடுவில், நாம் துண்டு துண்டாகச் சேர்த்து ஒட்டிய, இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் ராணுவ வண்டி மாடல்! முன்னால் சக்கரம், பின்னால் டாங்கிபோல் சங்கிலி, உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் வண்டி. பெயின்ட் அடித்ததோடு நின்றுபோனதே, அதுதான். தவறி வந்துவிட்டதா? திருப்பி அனுப்பட்டுமா?

நான் கிளம்பிய அன்று நீங்கள் ஒருவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தீர்கள். அன்று நன்றி சொல்லாமலே கிளம்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

புதிய பல் லேபில் வேலை பிடித்திருக்கிறது. பொய்ப்பல் செய்கிற மேஜை ஜன்னலோரம்.

பணிவுடன்,
உங்கள் மருமகளாக இருந்தவள்


மார்ச் 9

அம்மாடி,

தவறி வரவில்லை. நான்தான் வைத்தேன். பார்த்தால் ஒரு வரி எழுதுவாய் என்ற நப்பாசை. எழுதிவிட்டாய். ரொம்ப சந்தோஷம் தாயே.

பஸ் டிப்போவில் ஸ்பேனர் பிடித்த கை என்னுடையது. கண்ணிலும் புரை. அடையாளம் ஒட்ட உன் கைதான் சரி. வண்டியோடு வைத்திருக்கும் ஸ்டிக்கர் தாளில் நம்பர் பிளேட் இரண்டு விதமாக இருக்கும். டபிள்யூ.எச். என்றால் தரைப்படை, டபிள்யூ.எல். என்றால் விமானப்படை. நம்முடையது தரைப்படை. மாற்றி ஒட்டினால் டவுன் பஸ்ஸுக்குத் தீயணைப்பு வண்டி நம்பர் மாட்டிய கதைதான். பக்கவாட்டில் கறுப்பு வெள்ளைச் சிலுவை. பின் மட்கார்டில், வண்டி எந்த டிவிஷன், அதாவது எந்தப் படைப்பிரிவு, என்று காட்டும் சின்னம். அது தாளில் இல்லை, கையால்தான் வரைய வேண்டும்; பார்த்து வரைய ஒரு பழைய புகைப்படம் பெட்டியடியில் வைத்திருக்கிறேன்.

தாளில் நாஜிக் கொடியும் இருக்கும். அவர்கள் விமானமே அவர்கள் மேல் குண்டு போட்டுவிடாமலிருக்க வண்டி மேல் விரித்தது. அதைக் குப்பையில் போடு. வண்டியைப் படிக்கத்தான் எனக்கு ஆசை; அதை அனுப்பியவர்கள் மேல் ஒரு மரியாதையும் கிடையாது.

வேளைக்குச் சாப்பிடு.

மாமா


ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

புகைப்படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மட்கார்டில் ஒரு சின்னம். பக்கத்திலேயே பெயின்ட் பூசிய திட்டு. அதற்குள் வேறொரு சின்னம் மங்கலாகத் தெரிகிறது. எதை வரைவது?

இன்னொன்று. நேற்று உங்கள் மகன் போன் செய்தார். கோபமாக இல்லை. "அப்பாவுக்கு லெட்டர் போடறத நிறுத்திடேன். வீட்டுக்கு வேற ஒருத்தி வரப்போறா, அவ என்ன நினைப்பா?" என்றார். நியாயம்தான் மாமா. வருகிறவள் நிம்மதியாக இருக்கட்டும். நீங்கள் பதில் போடாவிட்டால் வருத்தப்பட மாட்டேன். எனக்குச் செய்ததை மறக்கவும் மாட்டேன்.

அன்புடன்,
லேப்காரி


ஏப்ரல் 8

அம்மாடி,

வருத்தப்பட மாட்டாளாம்!

இரண்டையும் வரை. அந்த வண்டி ஒரு டிவிஷனிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கிறது. சுரண்டி எடுக்க நேரமில்லாமல் பழையதன் மேல் பூசிவிட்டுப் பக்கத்தில் புதியதைப் போட்டிருக்கிறார்கள். பழையதை வரைந்து, காய்ந்ததும் வண்டி நிறத்தைத் தண்ணியாக ஒரு கோட் கொடு.

அவனிடம் கேட்டேன்: "அவ உனக்கு ஒண்ணும் இல்லன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு, சரி. எனக்கும் சேத்தா சொல்லுச்சு?" எழுந்து போய்விட்டான். வீட்டுக்கு வரப்போகிற அந்தப் பெண் வந்திருந்தபோது அவளிடமே விஷயத்தைச் சொன்னேன். "எழுதுங்க மாமா. நானும் விசாரிச்சதா சொல்லுங்க" என்றாள். விசாரித்திருக்கிறாள்.

வரும் இருபதாம் தேதி எனக்குக் கண் ஆபரேஷன். அவன் வெளியூரிலிருந்து சாயங்காலம்தான் வருவான். பக்கத்து வீட்டுக்காரர் துணைக்கு வருகிறார். கவலைப்படாதே.

மாமா


ஏப்ரல் 13

மாமா,

பக்கத்து வீட்டுக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லீவு போட்டுவிட்டேன். வண்டியையும் எடுத்து வருகிறேன்.

லேப்காரி


ஏப்ரல் 27

அம்மாடி,

கட்டை மறுநாளே அவிழ்த்துவிட்டார்கள்; எழுத இன்றுதான் அனுமதி. முதல் கடிதம் உனக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் உன்னை, "நீங்க இவருக்கு யாரு?" என்று கேட்டதும், மருமகள் என்பதா வேண்டாமா என்று நான் யோசித்தேன். நீ அசரவில்லை: "நாங்க ரெண்டு பேரும் சேந்து வண்டி பண்றோம்." உடனே அவள், "என் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, கொஞ்சம் பாக்கறீங்களா?" என்றாளே! கண்ணில் கட்டோடு சிரித்ததற்கு டாக்டரிடம் திட்டு வாங்கினேன்.

புதுக் கண்ணால் வண்டியைப் பார்த்தேன். நம்பர் பிளேட் ஒரு மயிரிழை கோணல். அது தெரிகிறதே என்று எனக்கு ஒரே குஷி. மட்கார்டு அற்புதம். புகைப்படத்தில் இருப்பது போலவே இருக்கிறது.

ஆபரேஷன் அன்று சாயங்காலம் அவன் வந்து வாசலில் நின்றதும், என்ன பேசிக்கொள்வீர்களோ என்று நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நீ சொட்டு மருந்து போடும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தாய். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். இன்றுவரை அவன்தான் போடுகிறான். காலையில் மருந்து போட்டுக்கொண்டே, "அவளுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டேன். நீங்க எழுதறப்ப சேத்து எழுதிடுங்கப்பா" என்றான்.

உன் வார்த்தையை நீயே எழுது என்று பேனாவை அவனிடம் நீட்டிவிட்டேன்.

மாமா

நன்றி. அப்பாவுக்கு எழுதிக்கொண்டே இரு.