அவர் அடக்கி வைத்த ஊசி

மார்ச் 4, செவ்வாய்

காலை ஆறு மணி ஷிப்ட். உள்ளே துளை கடைய வேண்டிய இரும்பு உருளை லேத்தில் ஏற்கெனவே மாட்டியிருந்தது. ஆட்டத்தை ஊசியால் காட்டும் டயலை உருளைமேல் வைத்து, உருளையைக் கவ்வியிருக்கும் 'சக்'கைக் கையால் சுற்றினேன். ஊசி அசையவே இல்லை, உருளை நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நேற்று மதிய ஷிப்ட் முடிந்து கிளம்புமுன் என் வீட்டுக்காரர் எனக்காகச் சென்டர் பண்ணி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எட்டு மாதமாக இப்படித்தான். நான் கடைந்தால் போதும்.

இரண்டு மணிக்கு இயந்திரத்தைக் கைமாற்றும்போது பத்து நிமிடம் அவர் முகத்தைப் பார்க்கலாம். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன், நீங்க?" அதற்குள் சங்கு ஊதிவிடும். வீட்டுக்கு அவர் வரும்போது நான் தூக்கம், நான் கிளம்பும்போது அவர் தூக்கம். ஆர்டர் நெருக்கடி என்று விடுமுறை நாளிலும் அவரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். மகளுக்குக் காலையில் அப்பா, மாலையில் அம்மா. நான் கட்டிக்கொண்டது அவரையா, இந்த லேத்தையா?

மார்ச் 10, திங்கள்

இரண்டாவது லேத் வருகிறதாம்! சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொன்னார்: "மதியத்துக்கு வேற ஆளுங்க வர்றாங்க. உங்க ரெண்டு பேரையும் காலையிலயே போட்டுடலாம். ஆனா நீ தனியா சென்டர் பண்ணணும், ரெண்டு கோட்டுக்கு மேல ஊசி ஆடக் கூடாது. நாளைக்குப் பண்ணிக் காட்டு."

அவரோடு ஒன்றாகப் போய், ஒன்றாகத் திரும்பி...

மார்ச் 11, செவ்வாய்

கோட்டை விட்டேன்.

மேடான பக்கத்தைக் கண்டுபிடித்து, சக்கில் உருளையைக் கவ்வும் எதிர்த் தாடையைத் தளர்த்தி, இந்தத் தாடையை இறுக்கி — எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். சக் ஓரத்தில் டயலை வைத்தபோது ஊசி அசையாமல் நின்றது. சூப்பர்வைசர் டயலை நகர்த்தி உருளையின் வெளிமுனையில் வைத்தார். இருபது கோடு ஆடியது. உருளை சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. வெளிமுனையைத் தட்டி நேராக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? எப்படி மறந்தேன்?

"எல்லாத்தையும் உன் வீட்டுக்காரரே பண்ணி வெச்சா உனக்கு எப்படிக் கை வரும்?" என்றார் சூப்பர்வைசர். "மாசக் கடைசியில இன்னொரு தடவ பாப்போம்."

சுருக்கென்றது. அவருடைய பிரியம்தான் எங்களைப் பிரித்து வைத்திருக்கிறதா?

மார்ச் 12, புதன்

"ஏங்க, இனிமே எனக்குச் சென்டர் பண்ணி வெக்காதீங்க."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "காலங்காத்தால நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதானே..." முடிப்பதற்குள் சங்கு.

மார்ச் 13, வியாழன்

மறுபடியும் பண்ணி வெச்சிருக்காரு! இந்த மனுஷன் சொன்னா கேக்கவே மாட்டாரு. நான்கு தாடைகளையும் தளர்த்தினேன். அவர் அடக்கி வைத்த ஊசியை என் கையாலேயே கலைத்தேன், பாவி. திரும்ப அடக்க இரண்டரை மணி நேரம். சூப்பர்வைசரிடம் செம திட்டு.

மார்ச் 14, வெள்ளி

சக் காலி. துடைத்துச் சுத்தமாக இருந்தது. இதைத்தானே கேட்டேன்? ஆனால் எட்டு மாதமாகத் தினமும் காலையில் அவர் என்னிடம் பேசியது அந்த அசையாத ஊசி வழியாகத்தான்.

மார்ச் 22, சனி

இன்று சென்டர் பண்ண நாற்பது நிமிடம். இரண்டு முனையிலும் பார்த்துவிட்டேன்.

மார்ச் 31, திங்கள்

ஒன்றரைக் கோடு! சூப்பர்வைசர் இங்கே வைத்துப் பார்த்தார், அங்கே வைத்துப் பார்த்தார். "சரி, அடுத்த வாரத்துலேருந்து ரெண்டு பேரும் காலையில வாங்க."

இரண்டு மணிக்கு அவரிடம் சொன்னேன். கைக்குட்டையை எடுத்து என் மூக்கிலிருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்தார். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

ஒன்றாகப் போனோம், ஒன்றாக வந்தோம். டீ போட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். எட்டு மாதப் பேச்சு சேர்த்து வைத்திருந்தேன். "அப்புறம்?" என்றார். "நீங்கதான் சொல்லணும்" என்றேன். அவருக்கும் வெட்கம்.

மகள் பள்ளியிலிருந்து வந்தாள். எங்கள் இருவரையும் பார்த்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"ரெண்டு பேரும் வீட்ல இருக்கீங்க... யாருக்கு ஒடம்பு சரியில்ல?"