தம்பியின் அரைஞாண் கயிறு

ஆவடி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் வித்யாவுக்கு அம்மா எழுதுவது. நீ நார்வேயில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஸ்வெட்டர் போட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதப் போனால் பேனா நிற்கிறது, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை, வாட்ஸப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. கடிதமென்றால் கிழித்துப் போடவாவது ஒரு தடவை பிரிப்பாய் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா திரும்ப ஃபேக்டரிக்குப் போக ஆரம்பித்துவிட்டார், கேன்டீனில் யாரோடும் உட்காருவதில்லையாம், டிபன் பாக்ஸ் போனபடியே திரும்பி வருகிறது. ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டுமே என்று கோவில்பதாகையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம் அல்லவா, மாடி ரூம் தம்பி ஜெகதீஷுக்கு என்றுதானே பிளான் போட்டது, மாடியை எழுப்பலாமா என்று மேஸ்திரி கேட்டதற்கு அப்பா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு மூட்டு வலிதான், வேறொன்றுமில்லை, நீ கவலைப்படாதே.

போன வாரம் தமிழ்வாணன் வந்தான். தம்பியோடு மீன் பிடிக்கிறேன் என்று படகில் போனவர்களில் அவன் மட்டும் உயிரோடு திரும்பினான் என்பதால் முதலில் அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது, இப்போது வந்தால் சோறு போடாமல் அனுப்புவதில்லை. கப்பல் எதுவும் மோதவில்லை, பையன்கள் குடித்துவிட்டுத் தாங்களே படகைக் கவிழ்த்துக்கொண்டார்கள் என்று விசாரணையில் எழுதி முடிக்கப் போகிறார்களாம். லைட்டே போடாம வந்துச்சு ஆன்ட்டி, டேங்க் கழுவுன எண்ணெய்ய ஊத்திகினே போச்சு, கடலே கருப்பா ஆயிடுச்சு, இவன் அதுல மூச்சு முட்டிகினு கையத் தூக்குனான், நான் சொன்னா எவனும் நம்ப மாட்றான் என்று சோற்றில் கையை வைத்துக்கொண்டே அழுதான். பீர் பாட்டிலைக்கூடத் தொடாத பிள்ளையைக் குடிகாரன் என்று எழுதி வைத்தால் நான் எப்படியம்மா பொறுத்துக்கொள்வேன்.

அன்றைக்கு அந்த வழியாகப் போன கச்சா எண்ணெய்க் கப்பல் இரண்டுதான், ஒன்று வளைகுடாவில் ஏற்றியது, ஒன்று நைஜீரியாவில் ஏற்றியது. லேபில் எண்ணெயைச் சோதிக்கிறவள் நீ, தம்பியை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் அப்பாவுக்குப் போனில் விளக்கியதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். ஒரு எண்ணெய் கடல் பாசி மக்கி உண்டானது, இன்னொன்றில் பூக்கிற மரம் செடியின் மிச்சமும் கலந்திருக்கும், கோடிக்கணக்கான வருஷம் ஆனாலும் பிறந்த இடத்தின் அடையாளம் அதை விட்டுப் போகாது, தம்பி மேல் இருக்கிற எண்ணெயில் கொஞ்சம் கிடைத்தால் எந்தக் கப்பல் என்று சொல்லிவிடலாம் என்றாய். நான் வருகிற வரைக்கும் யாரும் துடைக்கக் கூடாது என்றும் சொன்னாய். காதில் விழாமல் இல்லை, சரி என்றுதான் சொன்னேன்.

அப்புறம் அவனைக் கொண்டுவந்து ஹாலில் கிடத்தினார்கள். மூக்கு, காது, கண் இமை எல்லாம் தார் மாதிரி அப்பிக் கிடந்தது, இது என் பிள்ளைதானா என்றே எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கண்ணம்மா, இன்னாக்கா, புள்ள மூஞ்சியக்கூடப் பாக்காமலா அனுப்பப் போறே என்று மண்ணெண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். முதலில் நெற்றியைத்தான் துடைத்தேன், சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு தெரிந்தது. அதற்குப் பிறகு என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. தேங்காயெண்ணெய் தேய்த்தேன், சீயக்காய் போட்டேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த சட்டை பேன்ட்டைக்கூட மண்ணெண்ணெயில் ஊற வைத்துத் துவைத்தேன், ஏன் என்று கேட்காதே, அழுக்குத் துணி கிடந்தால் துவைப்பதுதான் எனக்குத் தெரிந்தது. நீ ஃப்ளைட் பிடித்து வந்தபோது அது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு ஏம்மா என்று ஒரு வார்த்தை கேட்டாய், அதற்கப்புறம் என்னிடம் பேசவே இல்லை. சட்டையை எடுத்துப் போய்ச் சோதித்துப் பார்த்து, ஒன்றும் மிஞ்சவில்லை என்று அப்பாவிடம்தான் சொன்னாய். உன் கோபம் நியாயம்தான் கண்ணு. ஆனால் அந்த முகத்தைத் துடைத்ததற்காக நான் வருத்தப்பட மாட்டேன், நீ எத்தனை வருஷம் பேசாமல் இருந்தாலும் சரி.

இன்னொன்று சொல்ல வேண்டும். குளிப்பாட்டும்போது இடுப்பில் சுற்றியிருந்த துண்டை நாங்கள் எடுக்கவில்லை. தூக்குவதற்கு முன்னால் அரைஞாண் கயிற்றை அறுத்துப் போட்டார்கள், திருவேற்காடு கோயில் வாசலில் நான் வாங்கிக் கட்டிவிட்ட சிவப்புக் கயிறு, எண்ணெய் ஊறிக் கருப்பாகக் கிடந்தது. யார் காலிலும் மிதிபடாமல் எடுத்து எவர்சில்வர் சம்புடத்தில் போட்டுச் சாமி அலமாரியில் வைத்துவிட்டேன். துணியைத் துண்டு துண்டாக வெட்டி மருந்தில் ஊறப் போட்டால்தான் எண்ணெய் வரும், திரும்ப முழுசாகக் கிடைக்காது என்று சட்டையைப் பற்றி நீ அப்பாவிடம் சொன்னாயே, அதைக் கேட்ட பிறகு கயிறு இருக்கிறதென்று உன்னிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாம்பலையும் கடலில் கரைத்தாயிற்று, அவன் உடம்போடு இருந்ததென்று வேறு என்ன இருக்கிறது எனக்கு. தினமும் மூடியைத் திறப்பேன், அந்த நாற்றத்துக்கு நடுவில் அவன் வேர்வை வாசனை கொஞ்சமாவது இருக்கிறதா என்று மூக்கை வைத்துப் பார்ப்பேன். இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும்.

தமிழ்வாணன் சொன்னதைக் கேட்ட பிறகு அதை நான் வைத்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. நம் கேஸைப் பார்க்கிற வக்கீல் முன்னால் அலுமினியத் தாளில் சுற்றிச் சீல் வைத்தாயிற்று, இந்தக் கடிதத்தோடு கொரியரில் வருகிறது. இரண்டு கப்பலின் எண்ணெய் சாம்பிளும் உனக்குக் கிடைக்க அவர் மனு போட்டிருக்கிறார். கப்பல் பெயர் தெரிந்தால் அப்பாவிடமும் அவரிடமும் சொல். எனக்கு அந்தப் பெயர் வேண்டாம், எனக்குப் போன் போட்டு அம்மா என்று ஒரு தடவை கூப்பிடு, போதும்.

திருவேற்காட்டு அம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாள், நன்றாக இரு. ஒரே ஒரு விஷயம், மறந்துவிடாதே. கயிற்றை மருந்தில் போடும்போது நீ போடாதே, கூட வேலை செய்கிறவர்கள் யாரையாவது போடச் சொல்லிவிட்டு வெளியே போய் நில். அவன் மேல் இருந்த எண்ணெயைக் கழுவி எடுத்தவள் நான், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உன்னால் தாங்க முடியாது.

உன்னையும் அவனையும் பெற்றவள்,
ராஜகுமாரி